648 மெகாவாட்டுனா எவ்வளவு கரண்ட்? கமுதி சோலாரை வெச்சு சில மின்சார வார்த்தைகள்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்குக் காரணம், கொஞ்ச நாளா நமக்கு வந்துக்கிட்டிருக்கிற மெசேஜ்கள்தான். விருதுநகர், ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கத்துல இருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்கு வந்தவங்க கிட்டத்தட்ட ஒரே கேள்வியை வேற வேற மாதிரி அனுப்புறாங்க. "ஊர்ல எங்க காட்டை சோலாருக்குக் குத்தகைக்குக் கேக்குறாங்க. அப்பா எனக்கு போன் பண்ணி, படிச்சவன்தானே, என்னன்னு பார்த்துச் சொல்லுன்னு சொல்றார். நான் படிச்சது கம்ப்யூட்டர். மெகாவாட்டு, சி.யூ.எஃப்., பி.பி.ஏ.ன்னு பேசினா எனக்கும் ஒண்ணும் புரியல."

25 வருஷம், 30 வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுற விஷயம். போட்ட பிறகு புரிஞ்சு பிரயோஜனம் இல்லை. அதனால இன்னிக்கு மின்சாரத் துறையில அடிக்கடி வர்ற வார்த்தைகளை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கலாம். டிக்‌ஷனரி மாதிரி படிச்சா தூக்கம் வந்துடும். அதனால எல்லா வார்த்தைக்கும் உதாரணமா ஒரே இடத்தை வெச்சுக்குவோம். அது கமுதி.

அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி, அங்கிருந்து இன்னும் தென்கிழக்கே போனா ராமநாதபுரம் மாவட்டத்துல கமுதி. மானாவாரி பூமி. மழை பெஞ்சா பருத்தி, கம்பு, குதிரைவாலி, மல்லி, மிளகாய். பெய்யலைன்னா சீமைக் கருவேலம். அந்த இடத்துல 2016 செப்டம்பர்ல அதானி நிறுவனம் ஒரு சோலார் நிலையத்தைத் திறந்தது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், சுமார் 4,550 கோடி ரூபாய், திறன் 648 மெகாவாட். கட்டி முடிக்க எடுத்துக்கிட்டது 8 மாசம். ஒரே இடத்துல இருக்கிற சோலார் நிலையங்கள்ல அன்னிக்கு உலகத்துலயே ரொம்பப் பெருசான சிலதுல அதுவும் ஒண்ணு.

இப்போ முதல் வார்த்தை.

மெகாவாட்டும் யூனிட்டும்

நம்ம ஆளுங்களுக்கு இதை ஈஸியா சொல்லிடலாம். வீட்டு இன்டர்நெட் 100 எம்.பி.பி.எஸ். அது வேகம். மாசத்துல நீங்க 300 ஜி.பி. செலவழிச்சீங்க. அது அளவு. வாட், கிலோவாட், மெகாவாட் எல்லாம் வேகம் மாதிரி. யூனிட் அளவு மாதிரி. 1 கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினா 1 யூனிட். 75 வாட் ஃபேன் 13 மணி நேரத்துக்கு மேல ஓடினா 1 யூனிட். ஒண்ணரை டன் ஏ.சி. முழு வேகத்துல ஓடினா முக்கால் மணி நேரத்துலயே 1 யூனிட் போயிடும்.

இ.பி. பில் யூனிட்டுக்குத்தான் வருது. ஆனா நியூஸ்ல நிலையம் திறக்குறப்போ மெகாவாட் மட்டும்தான் சொல்வாங்க. 648 மெகாவாட்டுன்னா, எல்லாம் சரியா இருந்தா ஒரு நேரத்துல அதிகபட்சம் அவ்வளவு தர முடியும்னு அர்த்தம். நாள் பூரா தரும்னு அர்த்தம் இல்லை. ராத்திரி 9 மணிக்கு அதே நிலையம் தர்றது பூஜ்யம்.

அதனால மெகாவாட்டைக் கேட்டதும் அடுத்த கேள்வி, "எப்போ?" இந்த எபிசோடுல இருந்து ஒரே ஒரு விஷயம் ஞாபகம் இருக்கணும்னா அந்தக் கேள்வி இருக்கட்டும். இனி வரப்போற வார்த்தைகள் எல்லாம் அதுக்குத்தான் பதில் சொல்லப் போகுது.

சி.யூ.எஃப்.

கெப்பாசிட்டி யூட்டிலைசேஷன் ஃபேக்டர். தமிழ்ல திறன் பயன்பாட்டு விகிதம்னு வெச்சுக்கலாம். வருஷம் 365 நாளும் 24 மணி நேரமும் முழு வேகத்துல ஓடியிருந்தா எத்தனை யூனிட் வந்திருக்கும், நிஜத்துல எத்தனை வந்தது, ரெண்டுக்கும் உள்ள விகிதம்.

சாதாரண சோலாருக்கு நம்ம ஊர்ல தோராயமா ஐந்துல ஒரு பங்கு. ராத்திரி, காலை, மாலை, மழை மேகம் எல்லாம் கழிஞ்சு மிச்சம் அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்க. 648 மெகாவாட் வருஷம் பூரா முழுசா ஓடினா சுமார் 567 கோடி யூனிட். அதுல ஐந்துல ஒண்ணுன்னா 113 கோடி யூனிட். 1 மெகாவாட்டுக்கு வருஷம் சுமார் 17.5 லட்சம் யூனிட். இது பொது விகிதத்தை வெச்சு நான் போட்ட கணக்கு. நிலையத்துக்கு நிலையம், வருஷத்துக்கு வருஷம் கூடும், குறையும்.

இங்க ஒரு சுவாரசியமான விஷயம். "எங்க ஊர் வெயிலுக்கு சோலார் பிச்சுக்கிட்டு ஓடும்"னு எல்லாரும் சொல்வோம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதுக்கு ஆகாது. கம்பெனிக்காரங்க பேனலைச் சோதிக்கிறது 25 டிகிரியில. அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3-ல இருந்து 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். சித்திரை வெயில்ல பேனலோட சூடு 60 டிகிரியைத் தாண்டும். அப்போ 10 சதவீதத்துக்கு மேல அங்கேயே போச்சு. அது போக கரிசக்காட்டுப் புழுதி. அதனாலதான் கமுதியில பேனலைத் துடைக்க ரோபோ வெச்சிருக்காங்க. அந்த ரோபோவுக்கும் அதோட சொந்த சோலார்லதான் சார்ஜ்.

400 கே.வி.யும் பக்கத்து ஊரும்

"ஊரைச் சுத்தி சோலார். ஆனா எங்க தெருவுல கரண்ட் கட். இது எப்படி?" இந்தக் கேள்வியும் அடிக்கடி வருது. நியாயமான கேள்வி.

கரண்ட்டை தூரமாக் கொண்டு போகும்போது கம்பி சூடாகி கொஞ்சம் வீணாகும். இதுக்குப் பேரு லைன் லாஸ், மின் இழப்பு. வோல்டேஜை ரெண்டு மடங்கா ஏத்தினா, அதே மின்சாரத்தை அனுப்ப கம்பியில ஓடுற கரண்ட் பாதியாகும். கரண்ட் பாதியானா இழப்பு நாலுல ஒரு பங்காகும். அதனால பெரிய நிலையத்துக்கு பெரிய வோல்டேஜ். கமுதியில இருந்து போற மின்சாரம் அங்க இருக்கிற 400 கிலோவோல்ட் துணைமின் நிலையத்துக்குப் போய் மாநில கிரிட்ல கலக்குது. கிராமத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு வர்றது வேற பாதை. அது 11 கிலோவோல்ட் ஃபீடர், அதுல இருந்து இறக்கி 400 வோல்ட் மும்முனை, வீட்டுக்கு 230 வோல்ட். அந்த ஃபீடர்ல மரம் சாஞ்சா, பக்கத்துல 648 மெகாவாட் இருந்தும் ஊருக்கு இருட்டுதான். நாலுவழிச்சாலை ஊரை ஒட்டிப் போகும், ஆனா ஊருக்குள்ள வர்ற ரோடு குண்டும் குழியுமா இருக்கும்ல, அந்த மாதிரி.

சிட்டியில அபார்ட்மென்ட் மாடியில சோலார் போட்டவங்களுக்கும் இதே மாதிரி ஒரு சந்தேகம் வரும். "நல்ல வெயில் அடிக்குது, இ.பி. போனதும் என் சோலாரும் ஏன் நின்னுடுது?" இதுக்கு ஆன்ட்டி ஐலேண்டிங்னு பேரு. கிரிட்டோட இணைஞ்ச இன்வெர்ட்டர், கிரிட்ல கரண்ட் இல்லைன்னா தானே அணைஞ்சிடணும். இல்லைன்னா கம்பத்துல ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல உங்க வீட்டு கரண்ட் பாயும். பேட்டரியும் அதுக்கான இன்வெர்ட்டரும் தனியா வெச்சாதான் கட் நேரத்துல வீட்டுக்கு ஓடும். 2024-ல வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட் போட்டா 78,000 ரூபாய் மானியம்னு எல்லாருக்கும் தெரியும். இந்த ஒரு வரி தெரியாம போட்டுட்டு, முதல் பவர் கட்டுல ஏமாந்து போறவங்க நிறைய பேர்.

கிரிட்டும் தேரும்

கிரிட்டுன்னா நாடு பூரா ஒண்ணா கட்டின கம்பி வலை. அதுல போடுறதும் எடுக்கிறதும் ஒவ்வொரு நொடியும் சமமா இருக்கணும். சமமா இருக்கான்னு எப்படித் தெரியும்? ஃப்ரீக்வென்சி. நம்ம நாட்டுல 50 ஹெர்ட்ஸ். 49.90-க்கும் 50.05-க்கும் நடுவுல வெச்சுக்கணும்னு விதி.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரை நினைச்சுக்கோங்க. வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான பேர். எல்லாரும் ஒரே வேகத்துல இழுக்கணும். ஏத்தம் வந்தா தேர் மெதுவாகும். அது லோடு கூடுற மாதிரி, ஃப்ரீக்வென்சி குறையும். இறக்கம் வந்தா தேர் வேகம் பிடிக்கும். அது லோடு குறையுற மாதிரி, ஃப்ரீக்வென்சி ஏறும். ரெண்டுமே ஆபத்துதான். அளவுக்கு மேல போனா எந்திரங்களைக் காப்பாத்த ஒவ்வொரு நிலையமா கழட்டிக்கும். வடத்தை ஒரு பக்கம் விட்டா மத்த பக்கத்துக்கு இன்னும் பாரம்.

அதே தேர்ல இன்னொரு வார்த்தையும் இருக்கு. இனெர்ஷியா, நிலைமம். கிளப்புறது கஷ்டம், கிளம்பின தேரை நிறுத்துறதும் கஷ்டம். தூத்துக்குடி அனல் மின் நிலையத்துல சுத்துற டர்பைன் அப்படித்தான். பல டன் இரும்பு. திடீர்னு எங்கேயாவது கோளாறு வந்தாலும் அந்தச் சுத்து உடனே நிக்காது, சில நொடி தாங்கிக் கொடுக்கும். அந்த நொடியில மத்த நிலையங்கள் சுதாரிச்சுக்கும். சோலார்ல சுத்துற சாமான் எதுவும் இல்லை. அதனால சோலார் பங்கு கூடக்கூட அந்தத் தாங்குற வேலையை பேட்டரியும், அதுக்குன்னு செய்யுற இன்வெர்ட்டர்களும் எடுத்துக்க வேண்டியிருக்கு.

இங்கேயே ரெண்டு வார்த்தையைப் பிரிச்சுக்கலாம். 2012 ஜூலை 30, 31. வட இந்தியாவுல கிரிட் விழுந்து கோடிக்கணக்கான பேருக்கு கரண்ட் இல்லை. அது பிளாக் அவுட். யாரும் திட்டமிடல, தானா விழுந்தது. அன்னிக்குத் தென்னிந்தியா தப்பிச்சது, ஏன்னா நம்ம கிரிட் அப்போ அவங்களோட ஒரே ஃப்ரீக்வென்சியில இணையல. ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியா 2013 டிசம்பர் 31 அன்னிக்குத்தான் இணைஞ்சது. ஆனா அதே 2012-ல நம்ம தென்மாவட்டத்துப் பிள்ளைங்க மெழுகுவத்தி வெளிச்சத்துல படிச்சாங்க. சென்னைக்கு 2 மணி நேரம் கட்டுன்னா, மத்த ஊருக்கெல்லாம் 10, 12 மணி நேரத்துக்கு மேல. அது லோடு ஷெட்டிங். கரண்ட் போதாது, கிரிட் விழக்கூடாது, அதனால இந்த ஏரியாவை அணைன்னு ஒருத்தர் முடிவு எடுக்கிறது. எந்த ஏரியாவை அணைக்கிறதுங்கிறது டெக்னிக்கலான முடிவு மட்டும் இல்லைன்னு அந்த வருஷம் நமக்குத் தெரிஞ்சது.

பேக் டவுன்

இப்போ கதை தலைகீழாகப் போகுது. 2012-ல கரண்ட் இல்லை. 2016-க்குப் பிறகு சில நேரத்துல கரண்ட் அதிகம்.

எப்படின்னா, சோலார் உச்சிக்குப் போறது மதியம். நம்ம வீடுகள்ல தேவை உச்சிக்குப் போறது சாயங்காலம் 6 மணியில இருந்து 10 மணி வரைக்கும். ஆலைகளுக்கு அந்த நேரத்துல யூனிட்டுக்குக் கூடுதல் கட்டணம் போடுறதும் அதனாலதான். மொத்தத் தேவையில சோலாரைக் கழிச்சிட்டு மிச்சத்தை ஒரு கோடா வரைஞ்சா, மதியம் தொப்பையாத் தொங்கும், சாயங்காலம் கழுத்தா நிமிரும். வாத்து மாதிரி இருக்கும். டக் கர்வ்னு கலிஃபோர்னியாவுல பேரு வெச்சாங்க.

மதியம் சோலார் நிறைய வரும்போது அனல் மின் நிலையத்தை அணைச்சிட வேண்டியதுதானேன்னு தோணும். நிலக்கரி பாய்லர் லைட் சுவிட்ச் மாதிரி இல்லை. அணைச்சா மறுபடி கொதிக்க வைக்க பல மணி நேரம் ஆகும். குறைச்சாலும் ஒரு அளவுக்குக் கீழ போக முடியாது. மத்திய ஒழுங்குமுறை ஆணையம் வெச்ச கணக்குல அது 55 சதவீதம். அதுக்கு மினிமம் லோடுன்னு பேரு. சாயங்காலம் 7 மணிக்கு அந்த நிலையம் வேணும்னா மதியம் அது மெதுவா ஓடிக்கிட்டே இருக்கணும்.

அப்போ மதியம் யாரைக் குறைக்கிறது? லோடு டெஸ்பாட்ச் சென்டர்ல இருந்து சோலார் நிலையத்துக்கு போன் வரும், "பேக் டவுன் பண்ணுங்க." இதுதான் கர்ட்டெயில்மென்ட், உற்பத்திக் குறைப்பு. வெயில் அடிக்குது, பேனல் ரெடி, ஆனா எடுத்துக்க மாட்டோம். தேருக்குப் போடுற முட்டுக்கட்டைதான். வேகத்தை அடக்க அது வேணும். ஆனா எப்போ போடலாம்னு விதி இருக்கு.

அந்த விதிக்குப் பேரு மஸ்ட் ரன். காத்தும் வெயிலும் காசு கொடுத்து வாங்குற எரிபொருள் இல்லை, வீணாப் போனா போனதுதான். அதனால இந்த நிலையங்களை கட்டாயம் ஓட விடணும், கிரிட் பாதுகாப்புக்கு ஆபத்துன்னா மட்டும் குறைக்கலாம். தமிழ்நாட்டுல சோலார் நிலையங்கள் என்ன புகார் சொன்னாங்கன்னா, கிரிட் பாதுகாப்புன்னு சொல்லிட்டு காசு மிச்சம் பண்ண எங்களைக் குறைக்கிறாங்கன்னு. நம்ம மேல விலை அதிகம், அதனால நம்மளைத் தள்ளி வைக்கிறாங்கன்னு. வழக்கு டெல்லியில இருக்கிற மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. 2021 ஆகஸ்ட் 2-ஆம் தேதி தீர்ப்பு. கிரிட் பாதுகாப்பைத் தவிர வேற காரணத்துக்காகக் குறைச்சா நஷ்ட ஈடு கொடுக்கணும்னு தீர்ப்பாயம் சொன்னது.

இதுல யார் பக்கம் நியாயம்னு நான் சொல்ல வரல. இ.பி.க்கும் ஒரு கஷ்டம் இருந்தது. அதைப் புரிஞ்சுக்க அடுத்த வார்த்தை வேணும்.

பி.பி.ஏ.

பவர் பர்சேஸ் அக்ரிமென்ட், மின் கொள்முதல் ஒப்பந்தம். இந்த விலைக்கு இத்தனை வருஷம் வாங்கிக்கிறேன்னு இ.பி. எழுதிக் கொடுக்கிறது. 2014-ல தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சோலாருக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசுன்னு விலை வெச்சது. 2015 ஜூலையில கமுதிக்கு அந்த விலையில ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, 25 வருஷத்துக்கு. அதுக்கப்புறம் பேனல் விலை மளமளன்னு சரிஞ்சது. 2020 டிசம்பர்ல குஜராத்ல ஒரு ஏலத்துல 1 ரூபாய் 99 காசுக்கு வந்து நின்னுச்சு. இப்போ நிறைய ஏலங்கள் ரெண்டரை ரூபாய்ல இருந்து மூணு ரூபாய்க்குள்ள முடியுது.

கம்பெனி பக்கம் பார்த்தா, பேனல் விலை அதிகமா இருந்தப்போ முதல் போட்டவங்க அவங்க. விலை உறுதி இல்லைன்னா பேங்க் கடன் கொடுத்திருக்காது. இ.பி. பக்கம் பார்த்தா, மலிவா வேற கரண்ட் கிடைக்கிற மதிய நேரத்துல ஏழு ரூபாய் கரண்ட்டை வாங்கணும். அந்தச் செலவு கடைசியில நம்ம பில்லுலதான் வரும். மறுபடியும் அதே கேள்விதான். மதியம் 12 மணி யூனிட்டும் ராத்திரி 8 மணி யூனிட்டும் பேருக்குத்தான் ஒண்ணு.

சேமிப்பு

அப்படின்னா மதியக் கரண்ட்டை ராத்திரிக்கு எடுத்து வைக்கணும். பேட்டரியைப் பத்தி விளம்பரம் வரும்போது ரெண்டு எண் கேளுங்க. எத்தனை மெகாவாட், எத்தனை மெகாவாட் அவர். முதல்ல சொல்றது குழாயோட அகலம். ரெண்டாவது தொட்டியோட கொள்ளளவு. 100 மெகாவாட், 200 மெகாவாட் அவர் பேட்டரின்னா முழு வேகத்துல ரெண்டு மணி நேரம்தான். சாயங்காலம் 6-ல இருந்து 10 வரைக்கும் தாங்கணும்னா நாலு மணி நேரத் தொட்டி வேணும்.

பேட்டரி வர்றதுக்கு முன்னாடியே தமிழ்நாடு இதை வேற மாதிரி செஞ்சிருக்கு. வால்பாறை பக்கம் காடம்பாறை. 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம். கரண்ட் மிச்சம் இருக்கிற நேரத்துல தண்ணியை மேல் அணைக்கு ஏத்துவாங்க, தேவைப்படுற நேரத்துல கீழ விட்டு டர்பைனைச் சுத்துவாங்க. கிணத்து மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வைக்கிற அதே புத்திதான். ஏத்துறதுல கொஞ்சம் நஷ்டம் உண்டு, 100 யூனிட் போட்டா 70, 80 யூனிட்தான் திரும்பும். ஆனா வர்ற நேரம் சரியான நேரம். நீலகிரியில குந்தாவுல இதே மாதிரி 500 மெகாவாட் கட்டிக்கிட்டிருக்காங்க.

இன்னொரு வழி, தேவையையே நகர்த்துறது. டிமாண்ட் ரெஸ்பான்ஸ். அருப்புக்கோட்டை நூற்பாலைகள் மூணு ஷிஃப்ட் ஓடும், அந்த ஸ்பிண்டிலை நிறுத்த முடியாது. ஆனா விவசாயப் பம்புசெட்டை பகல்ல ஓட்டலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனை கரண்ட் வரும்னு டார்ச் லைட்டோட பாம்புக்குப் பயந்து காட்டுக்குப் போன தலைமுறைக்கு, பகல்ல மோட்டார் போடுறதுங்கிறது நிம்மதி. வரப்புல நடக்கிற அந்த ஆளுக்கு கிடைக்கிற லாபம் எந்தக் கணக்குலயும் வர்றதில்லை.

ஏக்கர் கணக்கு

இப்போ நிலத்துக்கு வருவோம். திருச்சுழி பக்கம் இருக்கிற எங்க சித்தப்பா என்கிட்ட கேட்டது இதுதான்: "தம்பி, நம்ம ஒரு ஏக்கர்ல எம்புட்டு கரண்ட் வரும்?"

கமுதி கணக்குல 2,500 ஏக்கருக்கு 648 மெகாவாட். சுமாரா 4 ஏக்கருக்கு 1 மெகாவாட். 1 மெகாவாட்டுக்கு வருஷம் 17.5 லட்சம் யூனிட்டுன்னா ஏக்கருக்கு 4.4 லட்சம் யூனிட். ரெண்டரை ரூபாய் விலையில வருஷத்துக்கு சுமார் 11 லட்சம் ரூபாய் வரவு. இது லாபம் இல்லை, மொத்த வரவு. இதுலதான் கடன் வட்டி, பேனல், ஆள் கூலி, லைன் செலவு எல்லாம். கமுதி கட்டினப்போ மெகாவாட்டுக்கு 7 கோடி ஆச்சு, அதாவது ஏக்கருக்கு ஒண்ணே முக்கால் கோடி. இப்போ அதைவிடக் குறைவு.

உங்க ஊர்ல குத்தகை எவ்வளவு சொல்றாங்களோ அதை இந்த 11 லட்சத்துக்குப் பக்கத்துல எழுதி வெச்சுப் பாருங்க. கம்பெனி ஏமாத்துதுன்னு சொல்ல இதைச் சொல்லல. முதலும் ரிஸ்க்கும் அவங்களுது. ஆனா மானாவாரியில மல்லி எவ்வளவு வந்ததோ அதைவிடக் கொஞ்சம் கூட கொடுத்தா போதும்னு பேச்சு ஆரம்பிக்கிறதுக்கும், ஒரு ஏக்கர்ல இவ்வளவு வரவு வருதுன்னு தெரிஞ்சு பேச்சு ஆரம்பிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

தரிசு

கடைசி வார்த்தை இன்ஜினியரிங் புத்தகத்துல இருக்காது. தரிசு.

சோலார் எல்லாம் தரிசு நிலத்துலதானே வருது, விவசாயத்துக்கு நஷ்டம் இல்லையேன்னு சிட்டியில சொல்வோம். ரெவின்யூ ரெக்கார்டுல தரிசு. ஆனா அங்க ஆடு மேயுது. கருவேல மரத்தை வெட்டி கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கு. ஆட்டுக்காரருக்கும் மூட்டம் போடுறவருக்கும் அந்த நிலத்துல பட்டா இல்லை. வேலி போட்டதும் குத்தகைப் பணம் பட்டாதாரருக்குப் போகும், இவங்க பேரு எந்தக் காகிதத்துலயும் இருக்காது. நிலையம் கட்டுற சில மாசத்துக்கு ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை. கட்டின பிறகு காவலுக்கும் பராமரிப்புக்கும் கொஞ்சம் பேர் போதும். அதுலயும் துடைக்கிற வேலையை ரோபோ எடுத்துக்கிச்சு.

ரினியூவபிள், சஸ்டெய்னபிள் ரெண்டையும் ஒண்ணாச் சொல்றோம்ல, அதைப் பிரிக்கிற இடம் இதுதான். புதுப்பிக்கத்தக்கதுன்னா எரிபொருள் தீராது. சூரியன் தீராது, அந்த வகையில சீமைக் கருவேலமும் வெட்ட வெட்ட வளரும். நீடிக்கத்தக்கதுன்னா அதோட மண்ணு, தண்ணி, மனுஷங்க எல்லாம் தாங்கணும். 25 வருஷம் முடிஞ்ச பிறகு பேனலை யார் எடுப்பாங்க, இரும்புக் கம்பத்தோட அடிக் கான்கிரீட்டை யார் பிடுங்குவாங்க, நிலம் உழுற மாதிரி திரும்பி வருமான்னு எல்லாம் அதுக்குள்ள அடங்கும்.

எனக்கு சோலார் வேணும். 2070-க்குள்ள நெட் ஜீரோன்னு 2021-ல கிளாஸ்கோவுல இந்தியா சொல்லியிருக்கு. நிலக்கரியை வெச்சு அது நடக்காது. தமிழ்நாட்டோட உச்சத் தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டுச்சு, இன்னும் ஏறும். நம்ம ஏ.சி.க்கும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் கரண்ட் எங்கிருந்தாவது வந்தாகணும், அது பெரும்பாலும் இந்த மாதிரி வறண்ட பூமியில இருந்துதான் வரப் போகுது. அதனாலதான் அந்த ஊர்க்காரங்க புரிஞ்சு கையெழுத்துப் போடணும்னு நினைக்கிறேன்.

உங்க அப்பா போன் பண்ணினா இதைக் கேக்கச் சொல்லுங்க. குத்தகை எத்தனை வருஷம், வருஷா வருஷம் எத்தனை சதவீதம் ஏறும். கம்பெனி கையில பி.பி.ஏ. இருக்கா, இல்லை நிலத்தை மட்டும் பிடிச்சு வைக்கிறாங்களா. பேக் டவுன் ஆகி வரவு குறைஞ்சா குத்தகையும் குறையுமா, இல்லை அது கம்பெனியோட பொறுப்பா. துணைமின் நிலையம் எவ்வளவு தூரம், அதுவரைக்கும் டவர் லைன் யார் நிலத்து மேல போகுது. கம்பெனி வேற ஆளுக்கு வித்துட்டா இந்த ஒப்பந்தம் அவங்களையும் கட்டுப்படுத்துமா. முடிவுல சுத்தம் பண்ணிக் கொடுக்கிற பொறுப்பு எழுத்துல இருக்கா. ஆடு மேயுற பாதையும் ஓடைத் தண்ணியும் அடைபடாம இருக்குமா. பதில் வாய்ல வந்தா போதாது, தமிழ்ல எழுதி ஒரு பிரதி கைக்கு வரணும். பிறகு ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. நான் சாஃப்ட்வேர் ஆளு, வார்த்தைக்கு அர்த்தம் சொல்லலாம், பத்திரம் படிக்க அவங்கதான் சரி.

அடுத்த எபிசோடுல காத்தாலை. ஆரல்வாய்மொழியில அடிக்கிற ஆடிக் காத்தை நூற்பாலைக்காரங்க எப்படி இ.பி.கிட்ட 'பேங்கிங்' பண்ணி வெச்சு பின்னாடி எடுக்கிறாங்கன்னு பார்க்கலாம். குத்தகைப் பத்திரத்துல புரியாத வார்த்தை ஏதாவது இருந்தா பேரையும் ஊரையும் மறைச்சுட்டு அந்த வரியை மட்டும் அனுப்புங்க, அதையும் எடுத்துப் பேசலாம்.